செங்காலன் பாதியில் திரும்பிய பந்தயம்

பறவை பேசினால் மனுசருக்கும், மனுசர் பேசினால் பறவைக்கும் விளங்கிய அந்தக் காலத்தில், புறாவுக்கு வீடு என்று ஒன்று கிடையாது. பொழுது எங்கே சாய்கிறதோ அங்கே ஒரு பனைமட்டையில் ஒண்டிக்கொள்ளும். விடிந்தால் மனம் போன திசையில் இரை தேடிப் போகும். பெட்டைக்கு முட்டையிடும் காலம் வந்தால் மட்டும் நாலு சுள்ளியைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு அதன்மேல் உட்காரும். ஆண் புறா அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. அடைகாப்பது பெட்டையின் வேலை, பறப்பது ஆணின் வேலை என்று ஏதோ ஒரு வழக்கம் அவர்களுக்குள் இருந்தது. அதை யார் வைத்தார்கள் என்று எந்தப் புறாவும் கேட்டதில்லை.

கீழைக் கடற்கரையில் செங்காலன் என்று ஒரு புறா இருந்தான். அகன்ற நெஞ்சு, ஒடுங்கிய இடுப்பு, மடக்கினால் வாலின் நுனியைத் தொடும் இறக்கை. அவன் கிளம்பினால் கிளம்பிய இடத்தில் இறக்கைச் சத்தம்தான் மிச்சம் இருக்கும், ஆள் இருக்கமாட்டான் என்று மற்றப் பறவைகள் சொல்லும்.

ஒவ்வொரு பங்குனியிலும், காற்று அடங்கிக் கடல் குளம்போலக் கிடக்கிற நாளாகப் பார்த்து, அங்கே பறவைகளுக்குப் பந்தயம் நடக்கும். கடலுக்குள் தள்ளித் தள்ளி, தண்ணீருக்கு மேலே தலைகாட்டும் மணல் தீடைகள் உண்டு. கடைசித் தீடையில் ஒரு கல் நட்டிருந்தது. கரையிலிருந்து கிளம்பி அந்தக் கல்லை யார் முதலில் தொடுகிறார்களோ அவர் ஜெயித்தவர். அதோடு பந்தயம் முடிந்தது. திரும்பி வருவது அவரவர் பாடு. கடலுக்கு மேலே எந்தப் பக்கம் கரை என்று அன்றைக்கு எந்தப் பறவைக்கும் திட்டமாகத் தெரியாது. சிலர் நாலு நாள் கழித்து வருவார்கள். சிலர் வேறு ஏதோ கரையில் ஒதுங்கி, கேட்டு விசாரித்துக்கொண்டு பத்து நாளில் வந்து சேருவார்கள். வராமலே போனவர்களும் உண்டு.

நடுவராக இருந்தவர் ஒரு வயதான கூழைக்கடா. அலகுப் பையில் மீனை வைத்துக்கொண்டே பேசுவார், அதனால் நிதானமாகத்தான் பேச வரும். ஜெயித்த பறவைக்கு, கரையோர ஊர்க் களத்துமேடுகளில் சிந்தும் நெல்லையும் சோளத்தையும் அந்த வருசம் முழுக்க முதலில் பொறுக்குகிற உரிமையைக் கொடுப்பார். செங்காலன் இரண்டு வருசம் தொடர்ந்து ஜெயித்திருந்தான். மூன்றாம் வருசமும் ஜெயித்தால் களம் அவனுடைய வம்சத்துக்கே என்று கூழைக்கடா எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். வலசை வருகிற சோளக்குருவிகளில் கருந்தலையன் என்று ஒருத்தன் மட்டும்தான் அவனுக்குச் சரியான போட்டி.

செங்காலனின் மனைவி பெயர் சாம்பி. போன பங்குனியில் அவள் பனைமரத்தில் இரண்டு முட்டை இட்டிருந்தாள். ஊருணியில் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் இரண்டையும் காக்கை கொண்டுபோய்விட்டது. அதற்கு முந்தின பங்குனியிலும் அப்படித்தான். இரண்டு தடவையும் செங்காலன் கடைசித் தீடையில் மற்றப் பறவைகளின் பாராட்டைக் கேட்டுக்கொண்டிருந்தான். திரும்பி வந்து சங்கதி தெரிந்ததும், போகட்டும் விடு, அடுத்த வருசம் இல்லையா என்று சொன்னான்.

இந்த வருசம் அவள் மரத்தை நம்பவில்லை. கடற்கரையை ஒட்டி ராக்கு என்று ஒரு பெண், கிளிஞ்சல் அரித்துக் காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்துக்கொண்டிருந்தாள். சுட்ட கிளிஞ்சலைக் குவித்து வைக்க அவளுக்கு ஒரு கீற்றுக் கொட்டகை. அதன் மண்சுவரில், ஆள் உயரத்துக்கு மேலே, விளக்கு வைக்க ஒரு மாடக்குழி இருந்தது. ஒரு நாள் காலையில் சாம்பி அந்தக் கொட்டகை வாசலில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, அந்த மாடக்குழியில நான் கொஞ்ச நாள் இருந்துக்கிறட்டா?"

ராக்கு சல்லடையைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தாள். வயிறு கனத்திருப்பது தெரிந்தது.

"வெளக்கு வைக்கிற எடம் தாயி அது. எத்தன நாளைக்கி?"

"பதினெட்டு நாளைக்கி."

"சரி, இருந்துக்க. கீழ குமிஞ்சு கெடக்கிறதுல மட்டும் தண்ணி சிந்திறாத. சுட்ட கிளிஞ்சல் தண்ணியக் கண்டாச் சீறும். கொதிச்சு ஆவி கெளம்பும். ஒன் றெக்கை தாங்காது."

அன்றைக்கே முக்காலி போட்டு ஏறி விளக்கை எடுத்து வாசல் நிலையில் மாட்டிவிட்டாள். சாம்பி அந்தக் குழியில் இரண்டு முட்டை இட்டாள். தினமும் ராக்கு சோறு தின்ன உட்காருகிற நேரத்தில், அவள் முட்டையைப் பார்த்துக்கொள்ள, சாம்பி போய்த் தண்ணீர் குடித்துவிட்டு நாலு தானியமணி பொறுக்கிக்கொண்டு ஓடி வருவாள். நாட்கள் இப்படியே போயின.

பந்தயத்து நாள் வந்தது. சாம்பி உட்கார்ந்து அது பதினேழாவது நாள். பக்கத்து ஊரில் புதுக் கிணற்றுச் சுவருக்குச் சுண்ணாம்பு கேட்டார்கள் என்று முந்தின நாளே ராக்கு வண்டி கட்டிக்கொண்டு போயிருந்தாள். ஆகையால் சாம்பி ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்கவில்லை. செங்காலன் சொல்லிக்கொண்டு போக வந்தபோது அவள் அலகு காய்ந்து, கண் செருகிப்போய் இருந்தாள்.

இன்றைக்கு மட்டும் போகாமல் இருந்தால் என்ன என்று கேட்டுப் பார்த்தாள். செங்காலன் களத்தைப் பற்றிச் சொன்னான். நம் பிள்ளைகளும் அதன் பிள்ளைகளும் காலத்துக்கும் இரைக்கு அலைய வேண்டாம் என்று சொன்னான். உச்சிப்பொழுதுக்குள் வந்துவிடுவேன் என்றும் சொன்னான். போன தடவை நாலு நாள் ஆயிற்று என்று அவள் நினைவுபடுத்தினாள்.

"சரி, போங்க," என்றாள் சாம்பி. "போறதுக்கு முந்தி, நான் ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு வர்ற வரைக்கும் இதுல உக்காருங்க. அம்புட்டுத்தான் கேக்குறேன்."

செங்காலன் கொட்டகை வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தான். கருந்தலையனோ வேறு யாருமோ அந்தப் பக்கம் இல்லை என்று நிச்சயமானதும் குழிக்குள் ஏறினான். எப்படி உட்காருவது என்றே தெரியவில்லை. ஒரு காலை முட்டைமேல் வைத்துவிட்டு, பயந்து எடுத்து, வயிற்றைத் தாழ்த்தி ஒருவழியாக உட்கார்ந்தான். சாம்பி வெளியே போய்விட்டாள்.

முட்டை இவ்வளவு சூடாக இருக்கும் என்று அவன் நினைத்ததில்லை. சிறிது நேரம் ஒன்றுமில்லை. பிறகு அடிவயிற்றில், இறகு இல்லாத இடத்தில், டக் என்று ஒன்று தட்டியது. அவன் அசையாமல் இருந்தான். மறுபடி தட்டியது. இன்னொரு முட்டைக்குள்ளிருந்து அதற்குப் பதில்போல இரண்டு தட்டு. உள்ளே ஆள் இருக்கிறது என்பது செங்காலனுக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டு வருசமாகக் காக்கை கொண்டுபோனது என்ன என்பதும் அப்போதுதான்.

சாம்பி திரும்பி வந்ததும் எழுந்து இடம் விட்டான். கடற்கரையில் கூழைக்கடா கூப்பிடும் குரல் கேட்டது. கிளம்பிப் போனான்.

இருபதுக்கு மேற்பட்ட பறவைகள் அன்றைக்குக் கிளம்பின. முதல் தீடை தாண்டுவதற்குள் பாதிப் பேர் பின்தங்கிவிட்டார்கள். இரண்டாவது தீடைக்கு மேலே செங்காலனும் அவனுக்கு இரண்டு முழம் பின்னால் கருந்தலையனும் மட்டும்தான். வழக்கமாக அந்த இடம் வந்தால் செங்காலனுக்கு வேறு எந்த நினைப்பும் இருக்காது. அன்றைக்கு அடிவயிற்றில் முட்டை பட்ட இடம் மட்டும் ஆறாமல் வெதுவெதுவென்று இருந்தது. கடல்காற்று பட்டும் அது ஆறவில்லை. ஆனால் கரையை விட்டுப் போகப் போக லேசாகக் குறைகிற மாதிரி இருந்தது.

கடைசித் தீடையின் கல் கண்ணுக்குத் தெரிந்த நேரத்தில் முதுகுக்குப் பின்னால் இடி இடித்தது. திரும்பிப் பார்த்தான். கரைப் பக்கம் வானம் கறுத்து மழை இறங்கிக்கொண்டிருந்தது. பங்குனியில் எப்போதாவது திடீரென்று பெய்கிற மழை அது. எதிரே வெயில் பளீரென்று இருந்தது. நல்ல வேளை, நாம் முந்திக்கொண்டோம் என்று கருந்தலையன் பின்னாலிருந்து சொன்னான்.

செங்காலனுக்குக் கொட்டகைக் கூரை நினைவுக்கு வந்தது. கீற்று வேய்ந்து மூன்று வருசம் ஆகியிருந்தது. அதன் கீழே சுவரோரம் குவிந்து கிடக்கும் சுட்ட கிளிஞ்சல், அதற்கு நேர் மேலே மாடக்குழி. ராக்கு ஊரில் இல்லை. சாம்பி எழுந்திருக்கமாட்டாள். என்ன வந்தாலும் இந்தத் தடவை அவள் எழுந்திருக்கமாட்டாள் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

கல் இன்னும் பத்துப் பனை தூரம்தான் இருந்தது. செங்காலன் ஒரு இறக்கையைச் சாய்த்துத் திரும்பினான்.

"எங்க போறே, கல்லு இந்தப் பக்கம்ல இருக்கு," என்றான் கருந்தலையன்.

மழைக்குள் நுழைந்ததும் கரையும் இல்லை, தீடையும் இல்லை, சூரியனும் இல்லை. மேலும் கீழும் ஒரே வெள்ளை. வந்த வழி என்று நினைத்துக் கொஞ்ச தூரம் போனான். அலைச் சத்தம் பெரிதாகிக்கொண்டே போனதே தவிர மண் வாசனை வரவில்லை. கடலுக்குள்தான் போய்க்கொண்டிருக்கிறோம் என்று புரிந்ததும் முதல்முறையாக அவனுக்குப் பயம் வந்தது. இவ்வளவு வேகம் இருந்தும் எந்தப் பக்கம் பறப்பது என்று தெரியாமல் போனால் வேகத்தை வைத்து என்ன செய்வது?

என்ன செய்வதென்று விளங்காமல் நின்ற இடத்திலேயே வட்டமிட்டான். முதல் வட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது வட்டத்தில், ஒரு பக்கம் திரும்பும்போது அடிவயிற்றுச் சூடு கொஞ்சம் கூடுகிற மாதிரியும் எதிர்ப்பக்கம் திரும்பும்போது குறைகிற மாதிரியும் பட்டது. பிரமையோ என்று நினைத்து மூன்றாவது தடவையும் சுற்றினான். அதே இடத்தில் சூடு கூடியது. அந்தத் திசைக்கு அலகை நேராக வைத்துக்கொண்டு இறக்கையை அடித்தான். அதற்குப் பிறகு அவன் வளையவுமில்லை, தயங்கவுமில்லை. மழை கண்ணில் அடித்தது. கண்ணை மூடிக்கொண்டும் பறந்தான். சூடு மட்டும் கூடிக்கொண்டே வந்தது.

இங்கே கொட்டகையில் அவன் பயந்ததுதான் நடந்துகொண்டிருந்தது. காற்று கூரையில் ஒரு பக்கத்தைப் பிய்த்துப் போட்டிருந்தது. மழை நேராகக் கிளிஞ்சல் குவியலில் விழுந்து, குவியல் சீறிக்கொண்டு வெடித்தது. ராக்கு ஊர் திரும்பும் பாதி வழியில் மழையைக் கண்டதும் வண்டியை விட்டுவிட்டு ஓடி வந்திருந்தாள். கிடைத்த பனை ஓலைப் பாயையெல்லாம் குவியலின்மேல் இழுத்துப் போட்டாள். மம்பட்டியை எடுத்து, சுவரோரம் இருந்ததை வெளியே இழுத்துத் தள்ளப் பார்த்தாள். கொதிப்பில் கிட்டே போக முடியவில்லை. ஆவி சுவரோடு ஏறி மாடக்குழியை மூடிக்கொண்டிருந்தது. கை எட்டுகிற உயரமும் இல்லை.

"வெளிய வந்திரு தாயி. முட்டை அடுத்த வருசமும் இடலாம்."

ஆவிக்குள்ளிருந்து சாம்பியின் குரல் வந்தது. "ரெண்டு வருசமா அவுக இதத்தான் சொல்றாக அக்கா."

அதற்குமேல் அவளுக்குப் பேச முடியவில்லை. காலையில் குடித்த ஒரு வாய் தண்ணீர் எப்போதோ வற்றிப்போயிருந்தது. இறக்கையை முட்டைகளைச் சுற்றி மூடி, தலையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள். ராக்கு அழுதுகொண்டே மம்பட்டியைப் போட்டு இழுத்தாள்.

அப்போது வாசல் வழியாக ஏதோ ஒன்று எறிந்த கல்மாதிரி உள்ளே பாய்ந்தது. ராக்கு குனிவதற்குள் அது ஆவிக்குள் புகுந்து குழியின் விளிம்பில் போய் இடித்து நின்றது. மழையில் நனைந்த அலகும் முகமும். குவியலிலிருந்து கிளம்பிய சுண்ணாம்புத் தூசி அந்த ஈரத்தில் அப்பிக்கொண்டது.

"எந்திரி சாம்பி," என்றான் செங்காலன். "நான் உக்காருறேன்."

அவள் அவனை அடையாளம் தெரியாததுபோலப் பார்த்தாள். "பந்தயம்?"

"அது நடக்குது. நீ போய்த் தண்ணி குடி."

அவள் எழுந்தாள். அவள் வயிறு விலகுவதற்கு முன்பே அவன் வயிறு முட்டையைத் தொட்டுவிட்டது. இந்தத் தடவை எப்படி உட்காருவது என்று அவன் யோசிக்கவில்லை. சாம்பி தட்டுத்தடுமாறி வாசலுக்குப் போனாள். வெளியே ராக்குவின் மண்சட்டி ஒன்று மழையில் நிரம்பி இருந்தது. மற்றப் பறவைகளைப்போல ஒரு மடக்கு எடுத்து, தலையைத் தூக்கி, இன்னொரு மடக்கு எடுக்க அவளுக்குப் பொறுமை இல்லை. அலகை மூக்குவரை தண்ணீருக்குள் விட்டு, தலையைத் தூக்காமல், ஒரே மூச்சில் உறிஞ்சினாள். சட்டியில் தண்ணீர் இறங்குவது கண்ணுக்குத் தெரிந்தது.

மழை வந்த வேகத்தில் நின்றது. ராக்கு சுவரோரம் இருந்த கிளிஞ்சல் முழுவதையும் வெளியே இழுத்துத் தள்ளியிருந்தாள். சீறல் மெல்ல அடங்கியது. ஆவி கூரை ஓட்டை வழியாக மேலே போய்க் கலைந்தது. அவள் மம்பட்டியை நட்டுவிட்டு, கால் நீட்டி, ஈரத் தரையிலேயே உட்கார்ந்தாள். மேலே மாடக்குழியில் செங்காலன் அப்படியே உட்கார்ந்திருந்தான். கண் இரண்டும் சுண்ணாம்புக் காரத்தில் நெருப்புத் துண்டாகச் சிவந்திருந்தது. சாம்பி வந்து பக்கத்தில் நின்றாள். கீழே இருந்த ராக்குவுக்குக் கூட, கண்ணாடி விரிசல் விடுகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம் கேட்டது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

"வந்திருச்சா?" என்று கேட்டாள் ராக்கு.

"ரெண்டும் வந்திருச்சுக்கா," என்றாள் சாம்பி.

ராக்கு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அத்தனை கிளிஞ்சலும் வீணாய்ப்போன நாளில் எதற்குச் சிரிக்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

குஞ்சுகளுக்குக் கொடுக்க இரை இல்லை. மழை களத்தையெல்லாம் சேறாக்கியிருந்தது. களமும் இனிமேல் அவர்களுடையதில்லை. வெறும் அலகைத்தான் குஞ்சுகளின் வாயில் வைத்தார்கள். அப்போது தொண்டைப் பை கனத்து, அம்மாவுக்கும் சுரந்தது, அப்பாவுக்கும் சுரந்தது. கட்டிப் பாலாக அது குஞ்சுகளின் வாயில் இறங்கியது. ஆண் புறாவுக்குப் பால் சுரந்ததைக் கேள்விப்பட்டு ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. செங்காலன் வெட்கப்படவில்லை. மூக்கில் அப்பிய சுண்ணாம்பை ராக்கு தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்துப் பார்த்தாள். அது காரை மாதிரி இறுகிவிட்டிருந்தது. கண் சிவப்பும் போகவில்லை. இன்றைக்கும் பந்தயப் புறா பொறுக்குகிறவர்கள் புறாவைக் கையில் எடுத்ததும் மூக்குமேல் உள்ள வெள்ளை மேட்டையும் கண்ணின் சிவப்பையும்தான் முதலில் பார்ப்பார்கள்.

ஐந்தாம் நாள் கூழைக்கடா கொட்டகைக்கு வந்தார். கருந்தலையன்தான் கல்லைத் தொட்டான், களம் அவனுக்குப் போயிற்று என்று முறைப்படி சொன்னார். செங்காலன் சரி என்றான். மழைக்குப் பிறகு திசை தெரியாமல் போட்டிக்குப் போனவர்கள் எல்லோரும் தீடையிலேயே பட்டினி கிடந்ததையும், மீன்காரர் ஒருவரின் தோணியைப் பின்தொடர்ந்து இன்றுதான் கரை சேர்ந்ததையும் அவர் மெதுவாகச் சொன்னார். யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை என்று கேட்டதும் சாம்பி பெருமூச்சு விட்டாள். பிறகுதான் அவர் தான் வந்த விசயத்தைக் கேட்டார்.

"அந்த மழையில ஒனக்கு மட்டும் எப்படிப்பா வழி தெரிஞ்சது?"

"வழி தெரியலய்யா. முட்டை பட்ட எடத்துல ஒரு சூடு இருந்துச்சு. அது எந்தப் பக்கம் கூடுச்சோ அந்தப் பக்கம் வந்தேன்."

அதைக் கேட்ட வியப்பில் கூழைக்கடா பையில் இருந்த மீனைக்கூட விழுங்கிவிட்டார்.

சேதி பரவியதும் ஆண் புறாக்களெல்லாம் தத்தம் மனைவியிடம் போய், கொஞ்ச நேரம் நான் உட்காருகிறேன் என்று கேட்க ஆரம்பித்தார்கள். முதலில் பெட்டைகள் நம்பவில்லை. அப்புறம் நேரம் பிரித்துக் கொடுத்தார்கள். வெயில் ஏறியதிலிருந்து சாயும்வரை அப்பா, மற்ற நேரமெல்லாம் அம்மா. அந்தக் கணக்கு இன்றுவரை மாறவில்லை. மரத்தை விட்டு மாடக்குழிகளுக்கும் மாடங்களுக்கும் குடிவந்ததால் அவர்களுக்கு மாடப்புறா என்ற பெயரும் வந்தது.

மறுவருசம் பங்குனியில் கூழைக்கடா பறவைகளைக் கூட்டி, கல்லைப் பிடுங்கிக் கடலில் போட்டுவிட்டதாகச் சொன்னார். போகிற பந்தயம் இனிமேல் வேண்டாம், எல்லோரும் ஒன்றாகக் கடைசித் தீடைக்குப் போவோம், அங்கேயிருந்து கிளம்புவோம் என்றார். சோளக்குருவிகளுக்கு அது பிடிக்கவில்லை. களத்தை வைத்துக்கொண்டு ஒதுங்கிவிட்டார்கள். புறாக்கள் மட்டும் போனார்கள். கூழைக்கடா இறக்கையை அசைத்ததும் எல்லாப் புறாவும் மேலே எழும்பி, ஒரு வட்டம், இரண்டு வட்டம், மூன்றாவது வட்டத்தில் நூல் பிடித்ததுபோலக் கரைக்குத் திரும்பின. அந்த வருசம் ஒருத்தர்கூட வழியில் தொலையவில்லை.

அந்தப் பங்குனிக்குப் பிறகுதான் புறாப் பந்தயத்துக்கு எல்லை என்று ஒரு கல் இல்லாமல் போனது. கூடையில் அடைத்து எத்தனை ஊர் தாண்டிக் கொண்டுபோய்த் திறந்துவிட்டாலும், புறா வானத்தில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, அடிவயிற்றில் சூடு கூடுகிற பக்கம் பார்த்து, தன் கூட்டுக்கே வந்து இறங்குகிறது.